எட்டேகால் மணி வாசம்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எழுதி. ஒட்டடை அடிச்சுட்டுத்தான் உள்ளே வரவேண்டியிருக்கு.

இன்னிக்கு எழுதப் போறது செண்ட் பத்தி. "உனக்கும் செண்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"னு என்னைத் தெரிஞ்சவங்க கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஐம்பது வயசை எட்டிப் பிடிக்கப் போற நேரத்துலதான் நானே முதல் தடவையா ஒண்ணைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் கதவைச் சாத்திக்கிட்டு :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். பொறுத்துக்கோங்க.

நான் வளர்ந்த விருதுநகர் வீட்டுல வாசனைன்னா மூணுதான். குளிச்சு வந்தா முகத்துக்குப் பவுடர், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தலையில பூ. செண்ட்னு ஒரு சாமான் வீட்டுல இருந்ததே இல்லை. கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிப்பாங்க, அதுல கொஞ்சம் தாவணியில பட்டா ரெண்டு நாளைக்குத் துவைக்க விடமாட்டேன். துபாய்ல இருந்து லீவுக்கு வர்ற மாமா ஒருத்தர் உண்டு. அவர் தெருமுனையில திரும்பும்போதே இங்கே அடுப்படிக்குத் தெரிஞ்சுடும். அவ்வளவு அடிச்சிருப்பார். "செண்ட் அடிச்சுக்கிட்டுத் திரியுறா"ன்னு அம்மா யாரையாவது சொன்னா அது நல்ல பேர் இல்லைங்கிறது மட்டும் அந்த வயசுலயே புரிஞ்சுது.

1996ல கல்யாணமாகி மதுரைக்கு வந்தேன். மதுரையில எனக்கு எதுக்குச் செண்ட்? ஊரே மல்லி வாசம்தானே. இவர் ஆபீஸ் விட்டு வரும்போது தினமும் ஒரு முழம் வரும், வாழையிலையில சுத்தி, வாழைநார்ல கட்டி. சண்டை போட்ட அன்னிக்கும் பூ வரும். பேசமாட்டார். ஃப்ரிட்ஜ் மேல வச்சுட்டுப் பேப்பரை எடுத்துக்கிட்டு உக்காந்துடுவார். நானும் பேசமாட்டேன். ஆனா பூவை எடுத்து வச்சுக்குவேன். பூ மேல எனக்கென்ன கோவம்?

தை மாசத்துல கிலோ ரெண்டாயிரம், மூவாயிரம்னு விலை ஏறும்போது மட்டும் அரை முழமாக் குறையும். "மாட்டுத்தாவணியில இன்னிக்குத் தங்கம் விக்கிறாங்க"ன்னு ஒரு சாக்கு வேற.

2019 ஆவணியில அவர் போயிட்டார். காலையில பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தவர். அதுக்கு மேல அதைப் பத்தி எழுத இப்பவும் வரலை. விட்டுடறேன்.

பூ விஷயத்துல என்னை யாரும் எதுவும் சொல்லலை. அதையும் சொல்லிடணும். எங்க அத்தையோ, என் பையனோ, ஆபீஸ்ல இருக்கிறவங்களோ யாரும் "வைக்காதே"ன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. "வை"ன்னும் சொல்லலை. பதினாறாம் நாளுக்கு அப்புறம் பூ பத்தின பேச்சே வீட்டுல இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். பொட்டு வச்சுக்கிட்டேன். கலர் சேலை கட்டினேன். வேலைக்குப் போனேன். பூ மட்டும் தானா நின்னுபோச்சு. நான் படிச்சவ, சம்பாதிக்கிறவ, இந்தச் சம்பிரதாயத்துல எல்லாம் நம்பிக்கை இல்லாதவன்னு என்னைப் பத்தி ஒரு எண்ணம் எனக்கு இருந்துச்சு. அந்த எண்ணத்துக்கு 2020 மாசியில ஒரு அடி விழுந்துச்சு.

ஆபீஸ் விட்டு வரும்போது பஸ் ஸ்டாப்புல பூக்காரம்மா புதுசா மல்லியைக் கொட்டிக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. தண்ணி தெளிச்ச மல்லி. அஞ்சரை மணி. மொட்டு வாயைத் திறக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிற நேரம். கால் தானா நின்னுடுச்சு. "ஒரு முழம் குடுங்க"ன்னேன். அவங்களுக்கு என்னை இருபது வருஷமாத் தெரியும். இவரையும் தெரியும். அளந்துக்கிட்டே, தலையைத் தூக்காம, சாதாரணமாத்தான் கேட்டாங்க.

"யாருக்கு?"

"சாமிக்கு."

பொய்யி. யோசிக்கக்கூட இல்லை, பட்டுனு வந்துடுச்சு வாயில. அந்தம்மா மேல தப்பே இல்லை. சாமிக்குன்னா நெருக்கக் கட்டினதாத் தருவாங்க, அதுக்குக்கூடக் கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து பூவைச் சாமி படத்துக்குப் போட்டேன். பொய் சொன்ன தோஷம் போகட்டும்னு. அதுக்கப்புறம் அந்த பஸ் ஸ்டாப்புல ஏறுறதையே விட்டுட்டு ஒரு ஸ்டாப் நடக்க ஆரம்பிச்சேன்.

சரி, செண்டுக்கு வரேன்.

சிங்கப்பூர்ல வேலை பார்க்கிற அக்கா மகள் 2022 டிசம்பர்ல வந்திருந்தா. "சித்தி, உங்களுக்கு"ன்னு ஒரு பாட்டிலை நீட்டினா. இளம்பச்சைக் கலர்ல தண்ணி மாதிரி. மேலே பூவும் கிரீன் டீயும்னு போட்டிருக்கு. கம்பெனி பேர் சொன்னா விளம்பரம் ஆயிடும், வேண்டாம். "எனக்கு எதுக்குடி இதெல்லாம்?"னு கேட்டேன். "ஆபீஸ் போறீங்கல்ல, சும்மாப் போடுங்க. மத்தவங்களுக்குத் தெரியவே தெரியாது, அவ்வளவு லேசா இருக்கும்"னா. மத்தவங்களுக்குத் தெரியாதுன்னா எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்னு அப்ப நினைச்சேன். பீரோவுல சேலைக்கு நடுவுல சொருகி வச்சாச்சு.

ஜனவரியில ஒருநாள் சேலை எடுக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சு. கதவைச் சாத்திட்டு இடது மணிக்கட்டுல ஒரு தடவை அழுத்தினேன்.

முதல்ல எலுமிச்சை. பழம் இல்லை, தோல். நாரத்தங்காய் ஊறுகாய்க்கு வெட்டும்போது தோல்ல இருந்து கண்ணுல தெறிக்குமே, அந்த வாசனை. அது ஒரு பத்து நிமிஷம். "கிரீன் டீ எங்கே?"ன்னு மோந்து மோந்து பார்க்கிறேன். எனக்கு டீன்னா டீக்கடை. பால் கொதிக்கிற வாசனை, டீத்தூள் வடிகட்டுற துணி, பக்கத்துல வடைச்சட்டி. அது எதுவும் இல்லை. அதுக்குப் பதிலா லேசாக் கசப்பா, ஈரமா, கசக்கின இலை மாதிரி ஏதோ. மழை விட்டதும் மருதாணிச் செடிப் பக்கம் போனா வருமே, கிட்டத்தட்ட அப்படி. போனாப் போகுதுன்னு கதவைத் திறந்துட்டு அடுப்படிக்கு வந்து சாதம் வடிச்சேன்.

வடிச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் வந்துச்சு. கையை முகத்துக்கிட்டக் கொண்டு போகலை. சும்மா கை ஆடின ஆட்டத்துல. பூ. எங்கேயோ ரெண்டு வீடு தள்ளி யாரோ பூ வச்சுக்கிட்டு நடந்து போற மாதிரி. திரும்பிப் பார்த்தேன், நம்புங்க. திரும்பி வாசப்பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. என் கைதான்.

மூணரை வருஷத்துக்கு அப்புறம் என் உடம்புல இருந்து பூ வாசம் வந்துச்சு. கரண்டியோட கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன். சாதம் குழைஞ்சுபோச்சு.

அன்னிக்கு ராத்திரி இது எப்படின்னு தேட ஆரம்பிச்சேன். நமக்கு ஒண்ணு பிடிச்சுட்டா அதோட ஜாதகத்தைக் கிளறாமத் தூக்கம் வராதே. அப்புறம் எத்தனையோ ராத்திரி இதே வேலை. தெரிஞ்சுக்கிட்டதைச் சுருக்கமாச் சொல்றேன், சுவாரசியமாத்தான் இருக்கு.

இந்தக் கிரீன் டீ செண்டுகளுக்கு ஒரு மூதாதை உண்டு. 1990களோட ஆரம்பத்துல இத்தாலி நகைக் கம்பெனி புல்காரிக்காக ஜான்-க்ளோத் எலெனான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் செஞ்சது. அதுக்கு முன்னாடி 80கள்ல வந்த செண்டெல்லாம் நம்ம துபாய் மாமா ரகம். லிஃப்டுல ஒருத்தர் ஏறி இறங்கினா அடுத்த நாலு பேருக்கு மூச்சு முட்டும். அதுக்கு நேர் எதிரா, கிட்டக்க வந்தா மட்டும் தெரியுற மாதிரி ஒண்ணைச் செஞ்சு காட்டினார் எலெனா. அப்புறம் 1999ல எலிசபெத் ஆர்டன் கம்பெனிக்கு ஃபிரான்சிஸ் குர்க்ஜியான் செஞ்ச 'கிரீன் டீ' வந்து, இந்த வாசனை சாதாரண ஜனங்க கைக்கும் எட்டுச்சு. அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஒரு டீ.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்த 'டீ' வாசனை தேயிலையில இருந்து வடிச்சு எடுத்ததில்லை. எலெனா அதைக் கட்டினது முக்கியமா ரெண்டு பொருளை வச்சு. ஒண்ணு ஹெடியோன். இன்னொண்ணு அயனோன்.

அயனோன் கதை நம்மூர்ப் பக்கம் வருது. 1893ல ஜெர்மனியில டீமான்னு ஒரு வேதியியல்காரர் கண்டுபிடிச்சார். வயலெட் பூ வாசனை. அதைச் செய்ய சிட்ரால் வேணும். அந்தச் சிட்ரால் நிறைய இருக்கிறது எலுமிச்சைப்புல் எண்ணெய்ல. அந்த எண்ணெய் கேரளாவுல இருந்து கப்பல் ஏறிப் போனதால அதுக்குக் 'கொச்சி எண்ணெய்'னே ஒரு பேர் உண்டு. இப்பல்லாம் ஃபேக்டரியில வேற வழியிலயும் சிட்ரால் செய்யறாங்க. ஆனா பாரிஸ் சீமாட்டி மேல இருந்து வந்த வயலெட் வாசனையோட வேர் ஒரு காலத்துல நம்ம மலையோரத்துப் புல்லுல இருந்திருக்கு, பாருங்க. தேயிலை காயும்போது அதுலயும் இயற்கையா இந்த அயனோன் உண்டாகுது. அதான் மூக்கு "டீ"ன்னு நம்பிடுது.

ஹெடியோன்தான் எனக்கு முக்கியம். பிச்சிப்பூவோட சாரத்தைப் பிரிச்சு ஆராய்ஞ்சப்ப கிடைச்ச துப்பை வச்சு, சுவிட்சர்லாந்துல ஃபிர்மனிஷ் கம்பெனியில செஞ்ச பொருள். பேர் கிரேக்கத்துல 'இன்பம்'ங்கிற வார்த்தையில இருந்து. 1966ல டியோரோட ஓ சவாஜ்ங்கிற ஆம்பளைங்க செண்ட்லதான் முதல்ல பெரிசாப் பேர் வாங்குச்சு. மல்லி, பிச்சி ரெண்டுலயும் இண்டோல்னு ஒரு சாமான் இருக்கு. ராத்திரி பத்து மணி மல்லிக்கு ஒரு கனம் வரும் பாருங்க, தலையே சுத்துற மாதிரி, அதுல இண்டோலுக்குப் பங்கு உண்டு. ஹெடியோன்ல அந்தக் கனம் கிடையாது. பூவுல இருந்து காத்தை மட்டும் எடுத்த மாதிரி.

இன்னொண்ணும் படிச்சேன். அதைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை மூடி வச்சுட்டேன். சீனாவுல ஃபூஜோன்னு ஒரு ஊர். மல்லித் தேயிலைக்குப் பேர் போன இடம். அங்கேயும் இதே நம்ம மல்லிதான், அதே இனம். பகல்ல பறிச்ச மொட்டு ராத்திரி விரியும்போது தேயிலையோட கலந்து குவிச்சு வைப்பாங்களாம். பறிச்ச பிறகும் மல்லி வாசம் விட்டுக்கிட்டே இருக்கும், தேயிலை அதைக் குடிச்சுக்கும். விடிஞ்சதும் பூவைச் சலிச்சு எடுத்துடுவாங்க. நல்ல தேயிலைன்னா இப்படிப் பல ராத்திரி, ஒவ்வொரு ராத்திரியும் புதுப் பூ. கடைசியில தேயிலையில பூவே இருக்காது. வாசம் மட்டும் தங்கியிருக்கும்.

இதுக்கு மேல நான் என்ன விளக்கம் சொல்ல.

மறுநாள்ல இருந்து தினமும் போட ஆரம்பிச்சேன். காலையில எட்டேகாலுக்குக் கிளம்பும்போது ரெண்டு தடவை, மணிக்கட்டுல ஒண்ணு, கழுத்துப் பக்கம் ஒண்ணு. பாட்டிலைத் திரும்பச் சேலைக்கு நடுவுல சொருகிடுவேன்.

மதுரை வெயில்ல இது ரெண்டு மணி நேரம் தாங்கினாப் பெரிசு. லேசான சரக்கு சீக்கிரம் பறந்துடும், அதுலயும் எலுமிச்சைதான் முதல்ல ஓடும். பழங்காநத்தத்துல பஸ் ஏறி, பெரியார் வந்து இறங்கறதுக்குள்ள எலுமிச்சை காலி. ஆபீஸ் வந்து ஃபேனைப் போட்டு உக்காரும்போது பூ. பத்தரை மணிக்கு லெட்ஜர் வாசனைதான் :-) கைக்குத் தேங்காயெண்ணெய் லேசாத் தடவிட்டு அது மேல போட்டா இன்னும் அரை மணி கூட நிக்குதுங்கிறது சொந்த ஆராய்ச்சி. முந்தானை உள்பக்கம் பருத்தியில போட்டா மத்தியானச் சாப்பாடு வரைக்கும்கூட ஒட்டிக்கிட்டு இருக்கும்.

பஸ்ல கூட்டம் நெரியும். எனக்கு முன்னாடி நிக்கிற பொண்ணு தலையில நிஜ மல்லி. அதோட வாசம் என் மூஞ்சியில இடிக்கும். அந்த வாசத்துக்குக் கீழே என் மணிக்கட்டுல இருந்து வர்ற சன்ன வாசத்தைத் தேடிப் பிடிக்கிறது ஒரு விளையாட்டு. "எங்கிட்டயும் இருக்கே, உனக்குத் தெரியாதே"ன்னு. இதையெல்லாம் வெளியே சொன்னா சிரிப்பாங்க. நீங்க நம்ம ஆளுங்க, அதான்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கணக்குல எடுத்துக்காம விட்டுட்டேன். மூக்கு ஒரு வாசனையோட கொஞ்ச நேரம் இருந்தா அதைக் கண்டுக்காம விட்டுடும். போட்டுக்கிட்டவங்களுக்குத்தான் முதல்ல தெரியாமப் போகும். அடுத்தவங்களுக்குத் தெரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். என் வாசம் எனக்கு மட்டும்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

சித்திரை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. அத்தை திண்ணையில உக்காந்து பூக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்க நிலக்கோட்டைப் பக்கத்துக்காரங்க. பொறந்த வீட்டுல பூத்தோட்டம். விடியறதுக்கு முன்னாடி அரிக்கேன் லைட்டோட மொட்டுப் பறிச்சு வளர்ந்தவங்க. மாமா போனது 1988ல. அப்ப அத்தைக்கு நாப்பது வயசு. அதுல இருந்து வெள்ளைக்குப் பக்கத்துல இருக்கிற கலர்லதான் சேலை. ஆனா பூக் கட்டுறது மட்டும் நிக்கலை. சாமிக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சடங்குன்னா அதுக்கு, கோயிலுக்கு. பார்க்காமலே கட்டுவாங்க. விரல் அது பாட்டுக்குப் போகும்.

"ஏத்தா," அப்படின்னாங்க, தலையைத் தூக்காம. "இன்னிக்கு ஆபீஸ் இல்லையோ?"

"ஞாயித்துக்கிழமை அத்தை."

"அதான். எட்டேகால் மணி வாசத்தைக் காணோமேன்னு பாத்தேன்."

எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. திருட்டு மாங்காயோட மாட்டின பிள்ளை மாதிரி நிக்கிறேன். "அது... அக்கா மக குடுத்தது அத்தை. கிரீன் டீ. தேயிலை வாசனை"ன்னு உளறுறேன்.

"தேயிலையா? யார்கிட்டச் சொல்ற? பிச்சி அது. மல்லிகூட இல்ல, பிச்சி. தையில இருந்து மோந்துக்கிட்டுத்தான இருக்கேன்."

மூணு மாசமாத் தெரிஞ்சிருக்கு! அத்தனை நாளும் அவங்க ஒரு வார்த்தை கேக்கலை. எனக்குப் பயமா, வெக்கமான்னு தெரியலை. அந்த நேரத்துலயும் மனசுக்குள்ள ஒரு மூலையில, 'ஹெடியோனை பிச்சின்னு சரியாச் சொல்லிட்டாங்களே, இவங்க பாரிஸ்ல இருக்க வேண்டிய ஆளு'ன்னு ஓடுது.

பக்கத்துல உக்காந்தேன். என்ன தோணிச்சோ, பஸ் ஸ்டாப் கதையை அன்னிக்குத்தான் முதல் தடவையா அவங்ககிட்டச் சொன்னேன். பூக்காரம்மா கேட்டது, நான் சாமிக்குன்னு பொய் சொன்னது, அந்த ஸ்டாப்பை விட்டுட்டு நடக்கிறது, எல்லாம். அத்தை கட்டிக்கிட்டே கேட்டாங்க. கண்ணி ஒண்ணு போட்டாங்க, இன்னொண்ணு போட்டாங்க.

"நானும் முப்பத்தஞ்சு வருசமாச் சாமிக்குத்தான வாங்கிக்கிட்டு இருக்கேன்"னாங்க.

அவ்வளவுதான் சொன்னாங்க. நான் அவங்க மடியில கிடந்த பூவைப் பார்த்தேன். விரலைப் பார்த்தேன். இத்தனை வருஷமா இந்த வீட்டுல இருக்கேன். அத்தைக்குப் பக்தி ஜாஸ்தின்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தப் பாட்டிலு, சேலையில பட்டாக் கறை புடிக்குமா?"ன்னு கேட்டாங்க.

"பிடிக்காது அத்தை."

எடுத்துட்டு வந்து முந்தானை உள்பக்கமா ஒரு தடவை அடிச்சேன். சத்தத்துக்கு லேசாத் திடுக்கிட்டாங்க. முந்தானையை எடுத்து மூக்குல வச்சு ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் தீர்ப்பு வந்துச்சு. "உசுரு இல்ல. ஆனா பூ மாதிரிதான் இருக்கு. தேவல." அதோட, எங்க ஊர்ல விலை போகாத பூவைச் செண்ட் ஃபேக்டரிக்காரன் மூட்டை மூட்டையா எடுத்துக்கிட்டுப் போவான், பல நூறு கிலோ பூவை வேகவச்சுக் கையளவு சாறு எடுப்பான்னு ஒரு வியாக்கியானம். அது நிஜப் பூ அத்தை, இதுல இருக்கிற பிச்சி பெரும்பாலும் கெமிக்கல்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லலை. எதுக்கு?

அதுல இருந்து பாட்டில் சேலைக்கு நடுவுல இல்லை. கண்ணாடி முன்னாடி, சீப்புக்குப் பக்கத்துல நிக்குது. வெள்ளிக்கிழமை அத்தைக்கு முந்தானையில ஒண்ணு. கல்யாணம் காட்சின்னாக் கேட்டு வாங்கிப் போட்டுக்கறாங்க. "ரெண்டா அடி, மண்டபம் பெரிசு"ன்னு ஒரு தடவை :-)

இதோட முடிச்சிருந்தா நல்ல பதிவா இருந்திருக்கும். ஆனா எனக்கு ஒரு உறுத்தல் பாக்கி இருக்கு. அதையும் எழுதினாத்தான் நேர்மை.

இந்த செண்ட் என்னைத் தைரியசாலி ஆக்கிடுச்சுன்னு சொல்ல முடியலை. சுத்தி வளைச்சு ஒரு சந்துல போகக் கத்துக் குடுத்திருக்கு, அவ்வளவுதான். பூ கண்ணுக்குத் தெரியும், கேள்வி வரும். செண்ட் கண்ணுக்குத் தெரியாது, கேள்வி வராது. யாருக்கும் தெரியாம ஒண்ணை அனுபவிக்கிறதுல ஒரு சந்தோஷம் இருக்கு, மறுக்கலை. ஆனா ஏன் யாருக்கும் தெரியாம? 2023 ஆகஸ்ட்ல ஈரோடு மாவட்டத்துல ஒரு பெண்ணை, கணவர் இல்லைங்கிற காரணத்துக்காகக் கோயில் விழாவுக்கு வரவிடாமத் தடுக்கிறாங்கன்னு வழக்கு வந்தப்ப, சென்னை உயர் நீதிமன்றம் கண்டிச்சுது. ஒரு பெண்ணுக்குத் தனக்குன்னு ஒரு அடையாளம் இருக்கு, அது கல்யாணம் ஆச்சா இல்லையாங்கிறதை வச்சு வர்றதில்லைன்னு நீதிபதி சொன்னார். பேப்பர்ல படிச்சுட்டு அத்தைகிட்டச் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். "நல்லாச் சொல்லியிருக்காரு"ன்னாங்க. படிச்ச நானும் கேட்ட அவங்களும் அன்னிக்குச் சாயங்காலம் பூ வச்சுக்கலை. கோர்ட்டு கோயில் வாசல் வரைக்கும் வரும். பஸ் ஸ்டாப்புல "யாருக்கு?"ன்னு கேட்டா நான்தானே வாயைத் திறக்கணும்?

போன மாசம் ஒருநாள் பழைய ஸ்டாப்புல போய் நின்னேன். அந்தம்மாவே இருந்தாங்க, கொஞ்சம் தளர்ந்துட்டாங்க. "எங்க கண்ணு, ஆளையே காணோம்?"னாங்க. ஒரு முழம் கேட்டேன். இந்தத் தடவை அவங்க யாருக்குன்னு கேக்கவே இல்லை! தயார் பண்ணிக்கிட்டு போன பதில் தொண்டையிலயே நிக்குது. காசைக் குடுத்துட்டு, கேக்காமலே நானாச் சொன்னேன்.

"எனக்குத்தான்."

"பின்ன?"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்கு அளக்கப் போயிட்டாங்க.

தலையில வச்சுக்கலை. வச்சுக்கிட்டேன்னு எழுத ஆசையாத்தான் இருக்கு, ஆனா வச்சுக்கலை. மறுநாள் ஆபீஸ் மேஜையில ஒரு டம்ளர் தண்ணிக்குப் பக்கத்துல சுருட்டி வச்சேன். நாள் பூரா வாசம். ஒருத்தர்கூட எதுவும் கேக்கலை. இப்ப வாரத்துக்கு ஒருநாள் மேஜைக்குப் பூ வருது. மேஜைக்கும் தலைக்கும் ரெண்டடிதான் தூரம், பார்க்கலாம்.

பாட்டில்ல இன்னும் ஒரு விரக்கடை பாக்கி. அத்தை நேத்து வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு, "தீந்துபோனா இங்கனயே கிடைக்குமா, இல்ல அந்தப் பிள்ளை சிங்கப்பூர்ல இருந்துதான் கொண்டாரணுமா?"ன்னு கேட்டாங்க. இங்கேயே கிடைக்கும்னு சொல்லியிருக்கேன்.

உங்க வீட்டுலயும் 'சாமிக்கு'ப் பூ வாங்குறவங்க யாராவது இருக்காங்களா? இருந்தா இந்த வெள்ளிக்கிழமை ஒரு முழம் கூட வாங்கி, "இது உங்களுக்கு"ன்னு குடுத்துப் பாருங்க. வச்சுக்கறதும் வச்சுக்காததும் அவங்க இஷ்டம். என்ன சொன்னாங்கன்னு மட்டும் வந்து சொல்லுங்க.